அடி காணும் படலம்

அடியைக் காணப் பன்றி உருவெடுத்து மண்ணைக் குடைந்த திருமாலே கடைசியில் ஆகாதென்று திரும்பிவிட்டார் என்கிறது திருவண்ணாமலைத் தலபுராணம். அவருக்காவது கோரைப்பல் இருந்தது. நமக்கு இருப்பது அளவு சேராத ஒரு ஸ்பானர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, "ஆயில் மாத்த எதுக்குக் கூலி? நானே பாத்துக்கறேன்" என்று லுங்கியை மடித்துக் கட்டிவிடுகிறோம். அப்படிக் கட்டிய அன்பர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

தேவையான பொருட்கள்

ஸ்கூட்டர் – 1. (110 சிசி வண்டி சுமார் 105 கிலோ இருக்கும். 25 கிலோ அரிசி மூட்டை நாலு, அதன் மேல் ஐந்து கிலோ உளுந்து என்று நெஞ்சில் அடுக்கிப் பார்த்துக்கொள்ளவும்.)
கிழிந்த பாய் – 1.
சாயம் போன பனியன் – 2. (ஒன்று உடுக்க, ஒன்று துடைக்க.)
எதிர்வீட்டு சார் – 1. (கூப்பிட வேண்டாம், தானாக வருவார்.)
தன்னம்பிக்கை – ஒரு சிட்டிகை. உப்பு மாதிரிதான், கூடினால் காரியம் கெடும்.

செய்முறை 1: சாய்த்தல்

இது பரம்பரை வைத்தியம். 1972-ல் பஜாஜ் சேத்தக் வந்த நாளிலிருந்து, கிளம்பாத வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்தே நம் அப்பாக்கள் ஆபீஸ் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் செல்வாக்கில் எதிர்வீட்டு சார் சொல்வார்: "என்ன சார், வண்டி மக்கரா? அப்படியே படுக்கப் போடுங்க, அடி நல்லாத் தெரியும்." தெரியும்தான். கூடவே டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசியும், எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, வாசலில் ஏற்றி வைத்த விளக்கைத் தேடிப் போகும். நிமிர்ந்து நிற்கிற வண்டியிலேயே விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்றால், படுத்த வண்டிக்கு என்ன சொல்ல!

செய்முறை 2: உயர்த்தல்

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. சென்டர் ஸ்டாண்டின் இரண்டு காலுக்கும் கீழே மூன்று மூன்று செங்கல் அடுக்கினேன். கூடத்து ஊஞ்சல் கொக்கியில் கட்டித் தூக்கலாம் என்றுதான் முதலில் இருந்தேன். "ஆடப்போறது வண்டியா, நீங்களா?" என்று வீட்டில் கேட்டதும் அதை விட்டுவிட்டேன். செங்கல் மேல் வண்டி கம்பீரமாக நின்றது. அடியில் பாயை விரித்தேன். அந்த நேரம் பார்த்து, "என்னங்க, காபி ஆறுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இரண்டு வாய்கூடக் குடிக்கவில்லை. வாசலில் பொரியை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம். அடியிலிருந்த செங்கல் விரிந்து, வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்து, ஸ்டாண்டு மடங்கி, பாயின் மேல் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. என் தலை இருக்க வேண்டிய இடத்தில் பிரேக் லீவர் ஊன்றியிருந்தது. அன்றிலிருந்து காபி ஆறியிருக்கிறது என்று நான் குறை சொல்வதில்லை.

செய்முறை 3: நடந்தது என்னவென்று புரிந்துகொள்ளுதல்

வண்டியை முன்னால் தள்ளினால் சென்டர் ஸ்டாண்டு பின்பக்கம் மடங்கும். தினமும் காலையில் நாம் வண்டி எடுப்பதே அப்படித்தான். இறுகிப்போன போல்ட்டை ஸ்பானர் போட்டு வெடுக்கென்று முன்னால் இழுத்தாலும் அதே கதைதான். பின்பிரேக்கைப் பூட்டி வைத்தேனே என்று நம்பக் கூடாது. ஸ்டாண்டில் நிற்கும்போது பின்சக்கரம் தரையிலேயே இல்லை. அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்துக்குப் பிரேக் எதற்கு?

ஆகவே முன்சக்கரம் சுவரை முட்டும்படி வண்டியை நிறுத்துங்கள். முன்பிரேக் லீவரைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். ஸ்டாண்டுக் காலையும் முன்சக்கரத்தையும் ஒரு நைலான் கயிற்றால் விறைப்பாகப் பிணைத்துவிட்டால், ஸ்டாண்டு பின்னால் மடங்க வழியில்லை. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாசலில் சரிவு வைத்திருப்பார்கள், சமதளமாகத் தேடிக்கொள்ளுங்கள். மண் தரையானால் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரே அகலப் பலகை போடுங்கள், செங்கல் வேண்டாம். சைலன்சர் ஆறட்டும். பக்கவாட்டு ஸ்டாண்டை நம்பி அடியில் விரலைக்கூட நீட்டாதீர்கள்.

செய்முறை 4: அடி காணுதல்

இத்தனை கட்டும் கட்டிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அடியில் போகவே வேண்டியதில்லை. ஆயில் வடிக்கும் போல்ட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாலே கை எட்டுகிறது. கண் எட்டவில்லையா? செல்போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, அடியில் நீட்டி வெளியே எடுங்கள். திருமாலுக்குக் கிடைக்காத தரிசனம் அரை நிமிஷத்தில் கிடைத்துவிடும்.

ஏறக்குறைய முக்கால் லிட்டர் கறுப்பு ஆயில் வரும். பழைய டப்பாவில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். போல்ட்டை முதலில் விரலாலேயே சுற்றி ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பானரால் அளவாக இறுக்குங்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம். அங்கே பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும். செங்கல் அடுக்கி அதன் அடியில் பாய் விரித்த அன்றே எனக்குக் கழன்றுவிட்டது என்பது வீட்டாரின் கருத்து.

முடிவாக ஒன்று. வண்டிக்கு அடியில் கை போகலாம், கண் போகலாம், செல்போனும் போகலாம். தலை போகக் கூடாது. தலையை விட்டால்தான் வேலை ஆகும் என்றால் அது தூக்கி நிறுத்த ரேம்ப் வைத்திருக்கிற மெக்கானிக்கின் வேலை, கூலியைக் கொடுத்துவிடுங்கள். பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுபோங்கள், மத்தியானத் தூக்கத்துக்கு ஆகும்.