மாமாவுக்கு ரெம் போதவில்லை

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமா. பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணக்கில் பத்து பைசா உதைத்தாலும் வீட்டுக்குக் கிளம்பாத ரகம். அவருக்குப் போய் அமெரிக்க மகன் ஸ்மார்ட் வாட்ச் அனுப்பிவைத்தான். அன்றோடு தொலைந்தது தூக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புப் பூங்காவில், புளியோதரைப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஓய், முகத்துல ஈயாடலை?" என்றார் கூட வந்த நண்பர்.

"நேத்திக்கு ரெம் பன்னெண்டே நிமிஷம். கனவு வர்ற தூக்கம் ஓய் அது! எனக்குக் கனவே இல்லேங்கறது இந்த வாட்ச்."

சொன்ன கையோடு, முந்தின ராத்திரி கண்ட கனவை ஆரம்பித்தார். கொள்ளிடத்தில் வெள்ளமாம், பழைய மேனேஜர் பரிசலில் வந்து வவுச்சரில் கையெழுத்துக் கேட்டாராம். சொல்லி முடிக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று.

மூடிய இமைக்குள் கண்மணிகள் விறுவிறுவென்று ஓடும் கட்டம்தான் ரெம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும் 1953இல் இதை உலகுக்குச் சொன்னார்கள். அசெரின்ஸ்கி ஒயர் மாட்டிப் பார்த்தவர்களில் அவருடைய எட்டு வயது மகனும் உண்டு. பெரியவர்களின் தூக்கத்தில் ரெம்மின் பங்கு சுமார் 20 முதல் 25 சதவீதம்.

அதைச் சரியாக அளக்க மண்டையில், கண்ணோரத்தில், மோவாயில் என்று ஒயர்கள் ஒட்ட வேண்டும். வாட்ச்சுக்கு ஏது மூளை அலை? பச்சை விளக்கடித்து நாடியைப் பார்க்கிறது, கை அசைகிறதா என்று பார்க்கிறது, மீதி ஊகம். அம்மா மண்டபப் படித்துறையில் நின்று தண்ணீரைப் பார்த்தே, முக்கொம்பு மேலணையில் எத்தனை ஷட்டர் திறந்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்கிற ஆசாமி மாதிரி. மொத்தம் எவ்வளவு தூங்கினோம் என்பதை ஓரளவு சொல்லிவிடும். எந்தக் கட்டம் என்பதில்தான் கோட்டை விடும்.

வாட்ச்சை மட்டும் திட்டிப் பயனில்லை. ரெம் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து போகும். முன்னிரவில் கொஞ்சமாக, விடியற்காலையில் தாராளமாக. மாமாவோ பதினொன்றரை வரை டிவி விவாதம் பார்த்துவிட்டு, கோயிலில் காலை விஸ்வரூப தரிசனத்துக்காக நாலு மணிக்கு அலாரம் வைக்கிறார். பெருமாள் சாவகாசமாகச் சயனித்திருக்க, பக்தரின் ரெம்தான் பறிபோகிறது. ராத்திரி போடும் பெக்கும் சில மனச்சோர்வு மாத்திரைகளும்கூட ரெம்மைக் குறைக்கும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இந்த எண் பித்துக்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வைத்த பெயர் ஆர்த்தோசோம்னியா. நடுராத்திரி எழுந்து, இதுவரை சேர்ந்த ரெம்முக்கு பேலன்ஸ் பார்க்கும் மாமாவைத் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ.

எண் குறைந்ததற்காக டாக்டரிடம் ஓட வேண்டாம். ஆனால் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலோ, பட்டப்பகலில் ஸ்கூட்டர் ஓட்டும்போதே கண் சொருகினாலோ, கனவில் யாரையோ உதைப்பதாக நினைத்து மாமியை உதைத்தாலோ, வாட்ச் என்ன சொன்னாலும் சரி, டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.