டெஸ்ட் கசடு பிரித்தல்: நெய்யரி நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

மென்பொருளில் யாராவது ஒரு வரியைத் திருத்தினால் போதும், தானியங்கி டெஸ்டுகள் வரிசையாக ஓடித் தத்தம் நிலையை ஆளுக்கொரு வரியில் அறிவிக்கும். பாஸானவை ஆயிரம், ஃபெயிலானது ஒன்று. அந்த ஒன்றைப் பிரித்தெடுக்கும் கலையை ஆராய வேறெவரும் முன்வராததால் இக்கட்டுரையாளர் முன்வந்தார்.

சொல்லாராய்ச்சி

'சலித்தல்' என்றால் சல்லடையிலிட்டுப் பிரித்தல்; அலுத்துப்போதல் என்றும் பொருள். இவை இருவேறு பொருள்கள் என்பார் அகராதியார். இரவு இரண்டு மணிக்கு டெஸ்ட் லாக் படித்தவர் ஒன்றே என்பார்.

வரலாறு

ஒரு நிரல் கக்குவதை அடுத்த நிரலுக்கு ஊட்டும் 'பைப்' 1973இல் யூனிக்ஸில் நுழைந்தது. யோசனை டக் மெக்கில்ராயுடையது. செய்துகாட்டியவர் கென் தாம்ப்சன். வேண்டிய சொல் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கும் 'கிரெப்' என்ற சல்லடையும் அதே ஆண்டில், அதே தாம்ப்சன் கையால் வந்தது.

இலக்கணம்

நன்னூலில் பவணந்தியார் நெய்யரியைக் கடை மாணாக்கர் வரிசையில் உட்காரவைத்தார். நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்துக்கொள்வது அதன் குற்றம். நம் துறைக்கு வேண்டியதோ அதுவேதான்: பாஸை ஒழுகவிட வேண்டும், ஃபெயிலைப் பிடிக்க வேண்டும். ஆகவே இப்பள்ளியில் நெய்யரியே முதல் மாணாக்கன்.

ஆயினும் அதன் விடைத்தாளில் மூன்று பிழைகள் உள.

ஒன்று: பெர்ல் மொழியோடு 1987இல் பிறந்த டெஸ்ட் வெளியீட்டு முறையில் வென்றது 'ஓகே', தோற்றது 'நாட் ஓகே'. 'ஓகே' உள்ள வரிகளைத் தள்ளு என்றால், 'நாட் ஓகே'யும் சேர்ந்து போய்விடும். கசடு நெய்யோடு ஒழுகிற்று.

இரண்டு: 'ஃபெயில்' என்று தேடினால் '0 ஃபெயில்டு' என்ற நற்செய்தியும் மாட்டும். தவறான கடவுச்சொல்லை மறுக்கிறதா என்று பார்க்கும் 'லாகின் ஃபெயிலியர்' டெஸ்ட் பாஸாகியும், பெயர் செய்த பாவத்தால் பிடிபடும்.

மூன்று: நிரலுக்கு வாய் இரண்டு. ஒன்றில் சொல்வதைச் சொல்லும், மற்றதில் பிழையை முறையிடும். பைப் முதல் வாயோடு மட்டும்தான் பொருந்தும். 2>&1 என்று எழுதி இரண்டையும் இணைக்காவிட்டால் முறையீடு சல்லடையைத் தொடாமலே போய்விடும்.

கண்டுபிடிப்பு

நிரல் முடியும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். 0 என்றால் வெற்றி. கிரெப் தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1. பைப்பில் கடைசியாக நிற்பவர் சொல்லே கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கு வேதம். முன்னால் நிற்கும் டெஸ்ட் நிரல் 1 என்று கதறினாலும் செவிசாயாது. எனவே டெஸ்ட் தோற்றால் கிரெப்புக்குக் கசடு கிடைக்கும். வெற்றி, டெஸ்டுகளை ஓட்டிய பில்ட் பச்சை. எல்லாம் பாஸானால் ஒன்றும் கிடைக்காது. தோல்வி, பில்ட் சிவப்பு. திருடன் வந்த இரவில் 'எல்லாம் நலம்' என்றும், வராத இரவில் 'ஐயோ' என்றும் விசிலடிக்கும் கூர்க்கா இவர். இவ்வுண்மையை இக்கட்டுரையாளர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கள ஆய்வில் கண்டறிந்தார். திங்கட்கிழமை காலை அவருடைய மேலாளரும் கண்டறிந்தார்.

பாஷ் ஷெல்லில் 'பைப்ஃபெயில்' என்றொரு மருந்து உண்டு. அதைப் போட்டால் முன்னால் நிற்பவரின் கதறலும் கேட்கும். ஆனால் எல்லாம் பாஸான நாளில் வெறுங்கையோடு நிற்கும் கிரெப்பின் 1 அப்போதும் பில்டைச் சிவப்பாக்கும். பாதி நோய்தான் தீர்ந்தது.

முடிவுரை

சோறு வடிக்கிறவர் கஞ்சிக்கு அடியில் பாத்திரம் வைக்கிறார். அதுபோல் வெளியீடு முழுவதையும் முதலில் ஒரு கோப்பில் பிடித்துவையுங்கள். டெஸ்ட் நிரல் சொன்ன எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோப்பை ஆற அமரச் சலியுங்கள். பில்டுக்குக் கடைசியில் சொல்ல வேண்டியது குறித்துவைத்த அந்த எண்ணைத்தான். கிரெப் சொன்னதை அல்ல.