செட்டிங் அண்ணன்

கோயம்புத்தூரில் மார்கழி விடியலில், கோலம் போட வருகிறவர்களுக்கும் முன்பாக வாசலில் உட்கார்ந்திருப்பவர் செட்டிங் அண்ணன். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. ஐம்பது வயது. ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறார். 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைசக்தி. அதை அவர் ஓட்டுகிறார் என்று சொல்வது தப்பு. செட் பண்ணுகிறார்.

ஆசை சின்னதுதான்: குளிரில், சோக்கைத் தொடாமல், ஒரே உதையில் வண்டி கிளம்ப வேண்டும். குளிரில் பெட்ரோல் லேசில் ஆவியாகாது, எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அதற்குத்தான் கம்பெனியே சோக் வைத்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சோக் இழுப்பது, பக்கத்து வீட்டில் கைமாத்து வாங்குவதுபோல என்பது அவர் கொள்கை.

ஆகவே கார்ப்ரேட்டரில் ஸ்லோ ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றினார். துக்கடா பித்தளை, நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் ஓட்டை. வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அண்ணன் முகம் வாடிவிட்டது. மத்தியான வெயிலில் ஐட்லிங்கில் புகை கக்கியது, முகம் தெளிந்தது. ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருகினார். புகை அடங்கியது. ஆனால் ஆக்ஸிலேட்டரை வெடுக்கென்று முறுக்கினால் வண்டி ஒரு கணம் யோசித்தது. ஊசியில் கிளிப்பை ஒரு வெட்டு இறக்கினார். கிளிப் இறங்கினால் ஊசி ஏறும், பெட்ரோல் கூடும். பிக்கப் வந்தது. கூடவே பாதி முறுக்கில் ஒரு குமுறலும் வந்தது. கிளிப்பை மறுபடி ஏற்றுவதற்குள் கோடைக்காலம் வந்துவிட்டது.

ஜெட்டுகளை நம்பர் வாரியாகப் போட்டுவைக்க, திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதிய மாத்திரை டப்பா ஒன்று வைத்திருக்கிறார். அது மாமியாருடையது. மாமியார் இப்போது மாத்திரையை உத்தேசமாகப் போட்டுக்கொள்கிறார்.

"காலுக்குள்ள ஸ்லோ ஜெட்டும் ஸ்லைடும். முக்கா வரைக்கும் ஊசி. அதுக்கு மேலதானுங்க தம்பி மெயின் ஜெட்டு" என்பார். அவினாசி ரோட்டு நெரிசலில் முக்கால் முறுக்குக்கு மேல் போனவர் யார் என்று கேட்கக் கூடாது. பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி பிடித்திருந்தால் அதிகம், காபி கலர் என்றால் சரி. கல்யாண வீட்டில் காபி கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இன்னும் அரை நம்பர் குறைக்கலாம்" என்பார். சமையல்காரருக்கு ஒன்றும் புரியாது.

நண்பர்களோடு ஊட்டி போவது தனிக் காண்டம். கோவை நானூறு மீட்டர் சொச்சம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். அங்கே காற்று மெலிசு. கீழே சரியாக இருந்த ஜெட் மேலே பெட்ரோலை அள்ளி ஊற்றும். பர்லியாற்றில் மற்றவர்கள் மங்குஸ்தான் வாங்க, அண்ணன் பிளக்கைக் கழற்றுவார். குன்னூரில் அவர்கள் டீ குடிக்க, இவர் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் இறக்குவார். ஊட்டியில் வண்டி பிரமாதமாக இருக்கும், ஆனால் இருட்டியிருக்கும். மலைக்குப் போட்ட ஜெட்டோடு சமவெளியில் விரட்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறி, டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே மறுநாள் மேட்டுப்பாளையத்தில் மறுபடி ஸ்பேனர். "ஊட்டி எப்படிங்கண்ணா?" என்று கேட்டால், "காத்து பத்தலீங்க" என்பார்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் புது பைக்குகளில் அநேகமாக எல்லாமே கார்ப்ரேட்டர் போய் எஃப்ஐ, அதாவது ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஆகிவிட்டன. மகன் அப்படி ஒன்று வாங்கினான். குளிரா வெயிலா, மேடா பள்ளமா என்று சென்சாரே பார்த்துப் பெட்ரோலை அளந்துவிடும். அண்ணன் அதை மூன்று முறை சுற்றி வந்தார்.

"இதுல நாம பண்றதுக்கு என்னடா இருக்குது?"

"ஓட்டறதுதாம்ப்பா."

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இருந்தாலும் தெருவில் யாரும் அவரைக் கேலி பேசுவதில்லை. குளிரில் கிளம்பாமல் அடம்பிடிக்கும் பழைய ஸ்பிளெண்டரும் ஸ்கூட்டியும் அவர் கேட் முன்னால்தான் வந்து நிற்கும். லுங்கியும் ஸ்க்ரூ டிரைவருமாக வருவார். கார்ப்ரேட்டர் அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பார். ஒரு திருகு, ஒரு உதை, அவ்வளவுதான். காசு கொடுத்தால் கோபம் வரும். எட்டரை மணிக்குத் தெருவே வண்டியேறி வேலைக்குப் போயிருக்கும்.

அவருடைய வண்டி மட்டும் தினத்தந்தி மேல் பாகம் பாகமாகப் பரப்பியிருக்கும். அண்ணன் பஸ்ஸில் போவார். டீசல் எஞ்சினுக்குக் கார்ப்ரேட்டர் கிடையாது என்பதால், ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். ஆபீஸ் இன்னும் நாலு ஸ்டாப் தள்ளி இருந்திருக்கலாம் என்பது அண்ணியின் வருத்தம்.