ஈரத்தகட்டு அன்பர்

ஞாயிறு காலை ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை, குளியலறை உள்ளே தாழிட்டிருக்கிறது, வாசல்வரை ஆபரேஷன் தியேட்டர் வாடை வீசுகிறது என்றால் பதறாதீர்கள். உள்ளே ஒரு ஈரத்தகட்டு அன்பர் இருக்கிறார்.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பிள்ளைகள் படித்து வெளியூர் போயாயிற்று. "அதெல்லாம் பொம்மைங்க" என்று டிஜிட்டல் கேமராவை மைத்துனரிடம் தள்ளிவிட்டு, எட்டுக்குப் பத்து அங்குல மரப்பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கியிருப்பார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் அதில் உலகம் தலைகீழாகத் தெரியும். வெளியே வந்தபிறகும் அவருக்கு அப்படித்தான். ஒரு படத்துக்கு அரை நாள் ஆவதை வசதி என்பார்; உடனே கிடைத்துவிடுவதைக் குறை என்பார்.

அடையாளம் விரல்கள். சில்வர் நைட்ரேட் பட்டுப் பத்தும் கறுத்திருக்கும். தேர்தல் மையில் இருப்பதும் அதுதான் என்பதால், பத்து ஓட்டுப் போட்டவர்போல் திரிவார். மறைக்கவும் மாட்டார், காபி டம்ளரை இரண்டு கையாலும் ஏந்துவார், யாராவது கேட்கட்டுமே என்று.

கேட்டால் தொலைந்தோம். 1851-ல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் இந்த ஈரத்தகட்டுப் புகைப்பட முறையை வெளியிட்டதும், காப்புரிமை வாங்காமல் ஊருக்கே கொடுத்ததும், 1857-ல் கையில் காசில்லாமல் இறந்ததும் வரும். அங்கே குரல் தழுதழுக்கும். "அந்த விஷயத்துல இவரும் சரியான வழியிலதான் போறார்" என்பார் மனைவி, கெமிக்கல் பில்லைப் பார்த்தபடி.

வேலை லேசுப்பட்டதல்ல. கறுப்பு வார்னிஷ் பூசிய அலுமினியத் தகட்டில் கொலோடியன் என்ற திரவத்தை ஊற்றி, ஆப்பச்சட்டியைச் சுழற்றுவதுபோல் நாலு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தை வடிக்க வேண்டும். பிறகு வெள்ளிக் கரைசலில் மூன்று நிமிடம். ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம்தான் கெடு. சென்னைச் சித்திரை வெயிலில் அதுவும் கிடைக்காது. கொலோடியனில் உள்ள ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புக்குத் தடை அதனால்தான். மதியச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து.

முதல் பலி அம்மா. தலை அசையாமலிருக்க அந்தக்கால ஸ்டுடியோக்களில் இரும்புக் கவ்வி உண்டு. அன்பரும் வெல்டிங் பட்டறையில் ஒன்று அடித்து வைத்திருக்கிறார். "அம்மா, மூச்சு விடலாம், சிமிட்டாதே." லென்ஸ் மூடியைக் கழற்றி, ஏழெட்டு நொடி எண்ணி மூடுவார். ஷட்டரெல்லாம் கிடையாது.

தகட்டை ஹைப்போ கரைசலில் போட்டதும் பால்போர்த்த நீலம் மெல்ல விலகி முகம் எழுந்து வரும். அது மட்டும் பார்க்க வேண்டிய காட்சி. மற்றதையெல்லாம் அதற்காக மன்னிக்கலாம். அம்மா மன்னிக்கவில்லை.

"மஞ்சள் பூசின முகம் ஏன்டா இப்படிக் கறுத்துக் கிடக்கு? குங்குமம் வெச்சா சாந்தா வந்திருக்கு! முந்தானை வேற வலது தோள்ல!"

"கொலோடியனுக்கு நீலம்தாம்மா தெரியும். சிவப்பும் மஞ்சளும் அதுக்கு இருட்டு. தகட்டுல இடவலம் மாறித்தான் வரும்."

"தெருமுனை ஸ்டுடியோக்காரனுக்கு எல்லாம் தெரியுதே!"

இதைப் பிழைப்பாகச் செய்தவர்கள், உலர்தகடு கடைக்கு வந்ததும் 1880-களில் விட்டால் போதுமென்று ஓடினார்கள். அன்பர் எதிர்த்திசையில் ஓடி வருகிறார், அதுவும் சொந்தச் செலவில்.

உங்களையும் ஒருநாள் கூப்பிடுவார். கட்டாயம் போங்கள்; பழைய சட்டையோடு போங்கள். அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது.