எல்லையோர ஐ.டி. அண்ணன்

ரயிலில் ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, அதாவது ஆந்திரா. ஆரம்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் ஐ.டி. அண்ணனுக்கு இந்தப் பூகோளம் பெரிய சகாயம். எது பழுதானாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். "தடா கிட்ட ரோட்டைத் தோண்டறான் சார், கேபிள் போயிருக்கும்."

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ரோலிங் மில் அனலில் ஊரே வெந்துகொண்டிருக்க, சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிபவர் இவர் ஒருவர்தான். சர்வர் அறை ஏசி அப்படி.

திடீரென்று ஒருநாள் 'ஆல் ஸ்டாஃப்' குரூப் மெயில் ஊமையாகிவிடும். எல்லோருக்கும் போக வேண்டியது ஒருவருக்கும் போகாது. ஸ்டோர்ஸ் மேனேஜர் மூச்சிரைக்க வருவார்.

"தம்பி, மெயில் போவலன்னு காலைலயே உனக்கு மெயில் போட்டனே, பாக்கலியா?"

"வரல சார்."

"அதுவும் வரலியா!"

அண்ணன் உடனே விசாரணை அதிகாரி ஆகிவிடுவார். "கடைசியா நீங்க எதை அமுக்கினீங்க?" மேனேஜருக்கு வியர்த்துவிடும். எதையோ அமுக்கித்தானே இருப்பார், பாவம்.

ஆள் போனபிறகுதான் கறுப்புத் திரையைத் திறந்து, 25-ஆம் போர்ட்டில் சர்வரைக் கூப்பிடுவார். ஜான் போஸ்டல் 1982-ல் எழுதிவைத்த மெயில் விதிப்படி முதலில் 'ஹெலோ' சொல்ல வேண்டும். சர்வர் '250' என்று மரியாதையாகப் பதில் சொல்லும். அந்தக் கம்பெனியில் இவர் வணக்கத்துக்குப் பதில் தருவது அது ஒன்றுதான். அனுப்புநர் முகவரியைக் கொடுத்ததும் '452' என்று கைவிரிக்கும். டிஸ்கில் இடமில்லை.

ஏன் இல்லை? பொங்கல் லீவில் போன ஜி.எம்., யார் மெயில் போட்டாலும் 'நான் ஊரில் இல்லை' என்று தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பதில் குரூப்புக்கு வந்தது. குரூப் அதை எல்லோருக்கும் அனுப்பியது. அந்த எல்லோரில் ஜி.எம்.மும் ஒருவர். அவர் பெட்டி மறுபடி பதில் சொன்னது. விடிய விடிய ஜி.எம். தனக்குத்தானே ஊரில் இல்லை என்று அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்தக் கூத்தைத் தடுக்கத்தான் குரூப் மெயிலின் தலைப்பில் ஓர் அடையாளம் வைப்பார்கள், ஆனால் ஜி.எம்.மின் பழைய மென்பொருளுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

இதை ரிப்போர்ட்டில் எழுத முடியுமா? ஜி.எம். பெயரைக் குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் எடுத்தார். பழைய லாக் ஃபைல்களை அழித்து, ரீஸ்டார்ட் போட்டார். 'ஆந்திரா பக்கம் லைன் கோளாறு. சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

452 என்பது 'அப்புறம் வா' என்கிற தற்காலிக மறுப்புதான். அனுப்பிய சர்வர்கள் நாலைந்து நாள் வரை விடாமல் கதவைத் தட்டும். ஆகவே தேங்கியிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது: 'மெயில் போகுதா?', 'டெஸ்ட்', 'டெஸ்ட் 2', 'இன்று மதியம் கேன்டீனில் பிரியாணி' (அது முந்தாநாள்). நடுவில் ஜி.எம். ஊரிலிருந்து போட்ட ஒன்று: 'மெயில் ஏன் வேலை செய்யவில்லை? உடனே பதில் தேவை.'

அண்ணன் பணிவாக, விவரமாக, ஆந்திராவையும் சேர்த்துப் பதில் எழுதி அனுப்பினார். நொடியில் மறுமொழி வந்தது: 'நான் ஊரில் இல்லை.'