கேட்டது கிடைத்த கட்சி

லட்சியம் நிறைவேறிவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்ற விபரீதமான கேள்வியை உலகத்தின் பிரபல கட்சிகள் யோசித்ததே இல்லை; அப்படியோர் ஆபத்து நேராதபடி லட்சியங்களை அவை வெகு ஜாக்கிரதையாகத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. அமெரிக்காவில், 1874-ல் தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் கிண்டலாக வரைந்த யானையைக்கூட ஒரு கட்சி கௌரவச் சின்னமாக ஏற்றுக்கொண்டு, லட்சியம் தீர்ந்துபோகாமலே இன்றுவரை கழுதைக் கட்சியோடு ஒரே வயலில் மேய்ந்துவருகிறது.

அந்த ஆபத்து எங்கள் நாஞ்சில் நாட்டில் நேர்ந்தது. 1945-ல் நாகர்கோவிலில் முளைத்து, பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பூண்டு, நேசமணியின் தலைமையில் தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு வாக்குக் கேட்டு, 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தொண்டர்களைப் பறிகொடுத்த அக்கட்சி, 1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி ஜில்லாவைப் பெற்றேவிட்டது. கேட்ட தாலுகாக்களில் தேவிகுளமும் பீர்மேடும் மட்டும் கேரளத்திலேயே தங்கிவிட்டன. சாமர்த்தியசாலிகளாயிருந்தால் அந்த இரண்டு தாலுகாக்களை முதலாக வைத்தே இன்னும் ஐம்பது வருஷம் கட்சி நடத்தியிருக்கலாம். இவர்களோ, பைத்தியக்காரத்தனமாக, கடையைக் கட்டிவிட்டு இந்தியக் காங்கிரஸில் சங்கமமாகிவிட்டார்கள்!

வடசேரிச் சந்தைப் பக்கத்துச் சாயாக்கடையில், மட்டிப்பழத்தை உரித்துக்கொண்டே ஒரு பெரியவர் இந்தச் சரித்திரத்துக்கு உரை சொன்னார்: "ஜில்லா வாங்கித் தந்த கட்சிக்கு ஒரு பெஞ்சுகூட இல்ல வே, ஒண்ணுமே வாங்கித் தராத கட்சிக்கெல்லாம் மூணு மாடிக் கட்டடம்!"