கணக்குப் பாக்கிறவையைப் பாக்க வருகினமாம்

என்ன மோனை, நெடுந்தீவுக்கு லீவிலை வந்தும் கோப்புக்கட்டோடை மல்லுக்கட்டுறாய்? குறிகட்டுவானிலை வள்ளம் ஏறேக்கையும் அதைத்தானே பிள்ளைமாதிரி நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு வந்தனி. வாற கிழமை உங்கடை கந்தோருக்குத் தரப் பரிசோதனையோ? கடைக்காரன்ரை கணக்கை நீ பாக்கிறாய். நீ பாத்ததைப் பாக்க இன்னொருத்தர் வாறார். அவரைப் பாக்கிறது ஆரடா?

வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. 1959 இலை பட்டயக் கணக்காளர் நிறுவகத்துக்குச் சட்டம் வந்தது. பிறகு 1995 இலை 15 ஆம் இலக்கச் சட்டம், கணக்காய்வையும் கண்காணிக்க ஒரு சபை. நல்லதுதான்.

ஆனா அமெரிக்காக் கதை ஒண்டு கேள். என்ரோன் கம்பனி 2001 மார்கழியிலை வங்குரோத்து. அதுக்குக் கணக்குப் பாத்த ஆர்தர் அன்டர்சன் கடுதாசியளைக் கிழிச்ச கிழிப்பு ஊருலகம் அறியும். அந்த அன்டர்சனைப் பாத்து, வேலை ஒழுங்கெண்டு டெலாய்ட் எண்ட மற்றக் கணக்காய்வுக் கம்பனி குடுத்த சகபாடி மீளாய்வு வெளியிலை வந்தது எப்ப தெரியுமே? 2002 தை மாதம்! வள்ளம் தாண்டாப்பிறகு ஓட்டை இல்லையெண்டு துண்டு குடுத்த கதை. ஒருத்தன்ரை முதுகை மற்றவன் சொறிஞ்சது காணுமெண்டு, அந்த வருசமே அங்கை வேறை சபை வைச்சவை.

இப்ப 2022 மார்கழி 15 இலை இருந்து புதுச் சர்வதேச நியமமாம். வெளியாள் வரமுன்னம் கந்தோரே தன்ரை ஓட்டையளைத் தேடி அடைக்கவேணும். நீ அடைக்கிறது என்ன? போன வருசம் கேக்காத கேள்விக்கு இண்டைக்கு விடை எழுதி, போன வருசத் திகதி போடுறாய். பேனையையெண்டாலும் மாத்து மோனை, எல்லாம் ஒரே மையெல்லே!

அந்தக் காலத்திலை கொழும்பிலை கடை வைச்சிருந்த புங்குடுதீவு முதலாளிமார் ஐந்தொகையை நம்பிப் படுக்கேல்லை. இராத்திரி லாச்சியைக் கவிட்டுக் காசை எண்ணுவினம். பிறகு சரக்கறைக்குள்ளை போய்ச் சாக்கைத் தட்டிப் பாப்பினம். உள்ளுக்குச் சீனியோ உமியோ, கைக்குத் தெரியும்.

நீ அந்தக் கடைச் சரக்கறைக்குள்ளை போனனியே? என்ன, பூட்டியிருந்ததோ? அப்ப, "சரக்கு எண்ணியாச்சு" எண்ட பெட்டிக்குள்ளை சரி போட்டது ஆரடா?

கடலைப் பாக்காதை மோனை. என்னைப் பார்.